வெறும் டாக்டர்

இங்கே முழங்கால் வலித்தாலும் சரி, நெஞ்சு படபடத்தாலும் சரி, முதலில் ஒரே டாக்டரிடம்தான் போயாக வேண்டும். ஃபேமிலி டாக்டர். அவர் பார்த்து, தன்னால் ஆகாது என்றால்தான் பெரிய டாக்டருக்கு எழுதித் தருவார். அமெரிக்காவில் ஒஹையோவுக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. கோயம்புத்தூர்க்காரனுக்கு எப்படிப் பழகும்? சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் யாருக்காவது முழங்கால் வலித்தால் நேராக எலும்பு டாக்டர்தான். ஊரில் இதைப் படிக்கிற நீங்களும் அப்படித்தானே?

அக்காவுக்கு வரன் பார்த்தபோது கோபியிலிருந்து ஒரு டாக்டர் மாப்பிள்ளை வந்தார். சொந்த ஊரிலேயே கிளினிக். விடியும்போதே கூட்டம் நிற்குமாம். "வெறும் எம்.பி.பி.எஸ்.ஸுங்களா? மேல படிக்கலீங்களா?" என்று அம்மா கேட்டதும் தரகர் தலையைச் சொறிந்தார். பேச்சு அதோடு முடிந்தது. அந்த மனுஷரைத் தட்டிக்கழித்ததில் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் உறுத்தல் இல்லை, எனக்கும்தான்.

இந்தப் புத்தியோடுதான் மகள் கயலுக்கு மருத்துவக் கல்லூரி பார்க்க உட்கார்ந்தேன். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. இங்கே டாக்டர் பட்டம் வாங்கியபின் ஏதாவது ஒரு பிரிவில் ரெசிடென்சி என்று சில வருஷம் பயிற்சி எடுக்க வேண்டும். தங்களிடம் படித்த பிள்ளைகளுக்கு எந்தப் பிரிவு, எந்த ஆஸ்பத்திரி கிடைத்தது என்று கல்லூரிகளே இணையத்தில் போடுகின்றன. விடுவேனா? எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்றினேன். இதயம், தோல், கண் எல்லாம் பச்சை. ஃபேமிலி டாக்டருக்கான ஃபேமிலி மெடிசினும் இங்கே ஒரு தனிப் பிரிவுதான்; அதற்குச் சிவப்பு. பெரிய கல்லூரி பச்சைப்பசேலென்று இருந்தது. கயலுக்குப் பிடித்த சின்னக் கல்லூரியோ ஒரே சிவப்பு.

அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனோம். சுற்றிக் காட்டிய வெள்ளைக்கார அம்மாளுக்கு என் வயதிருக்கும். மரியாதையாகத்தான் கேட்டேன், இத்தனை பேர் ஃபேமிலி மெடிசினுக்குப் போயிருக்கிறார்களே, வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று. தானும் ஃபேமிலி டாக்டர்தான் என்று அவர் சிரித்தார். ஐயோ பாவம் என்றாகிவிட்டது எனக்கு. வயதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, மேல்படிப்புக்கு மறுபடி பரீட்சை எழுதலாம் என்று ஆறுதல் சொன்னேன். எந்தப் பரீட்சை என்று அவர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். கயல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் காரில் கேட்டாள்.

"நானும் அதுக்குத்தாம்ப்பா படிக்கப் போறேன். எனக்கும் இப்படித்தான் ஆறுதல் சொல்லுவீங்களா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. இல்லை கண்ணு, இல்லை கண்ணு என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த எக்ஸெல்லை அன்றைக்கே அழித்தேன். அவளும் அந்தச் சின்னக் கல்லூரியிலேயே சேருவதாக எழுதிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தம்பி மகள் அமெரிக்காவில் டாக்டராகப் போகிறாள் என்று சொல்லாமல் விடுவதில்லை. என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். கயல் காதில் விழ வேண்டாமென்று, வாசலில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்தேன். குளிருக்கு ஹீட்டர் போட இன்ஜினை ஓடவிட்டதும் அண்ணன் குரல் கார் ஸ்பீக்கரில் வந்தது.

"பாப்பா எந்த டாக்டருக்குப் படிக்குதுன்னு எல்லாரும் கேக்கறாங்கப்பா. ஹார்ட்டுன்னே சொல்லிப்போடட்டா?"

"இன்னும் முடிவாகலீங்கண்ணா," என்றேன்.

நிமிர்ந்தால், வெளியே கயல் நிற்கிறாள். சாப்பிடக் கூப்பிட வந்திருக்கிறாள். கார் ஸ்பீக்கரில் பேசினால் தெருவுக்கே கேட்கும் என்பது உள்ளே இருந்த மடையனுக்குத்தான் தோன்றவில்லை. கண்ணாடியை இறக்கினேன். அவள் குனிந்து, "பெரியப்பா, நான் ஃபேமிலி டாக்டருக்குப் படிக்கப் போறேனுங்க," என்றாள்.

நன்றாகப் படிக்கச் சொன்னார் அண்ணன். அவள் போய்விட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்தினார்.

"ஏன்டா, வேற ஒண்ணும் கெடைக்கலையா?"

"அவளாக் கேட்டு எடுத்துக்கிட்டதுங்கண்ணா."

சொல்லிவிட்டேன். ஆனால் சொல்லும்போதே என் கை போய் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிட்டது. அடுத்து அண்ணன் சொன்னது கயலுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அவர் பட்ட வருத்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது. கயல் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.