மூன்று கொன்சேர்ட்டோவும் என் காதும்

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ மனம் திருந்தி எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அம்பிட்டியவில், பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சு வாங்க வாங்க ஏற வேண்டிய ஒரு மேட்டில் வீடு. நான் கண்டியில் ஒரு பெண்கள் கல்லூரியில் மேலைத்தேய சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டில் இன்றும் வயலின் படிப்பிக்கிறேன். இருவரும் யாழ்ப்பாணத்து ஆட்கள், இருவருக்கும் வாய் நீளம். எங்களை ஒரே அறையில் இருத்தியவர் செத்துப்போன ஒரு டொக்டர். தன் இசைத்தட்டுகளை எல்லாம் அவர் என் பழைய கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் ஒரே ஒரு ஜெர்மன்காரர் எழுதிய வயலின் கொன்சேர்ட்டோக்கள் மட்டும் பன்னிரண்டு தட்டு. கல்லூரி அலுமாரியில் அவ்வளவுக்கு இடமில்லை. கொன்சேர்ட்டோவுக்கு ஒன்றாக மூன்று நல்ல பதிவுகளைத் தெரிந்தெடுத்துத் தாருங்கள், மிச்சத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடுகிறோம் என்று அதிபர் கேட்டுக்கொண்டார். ரெக்கோட் பிளேயர் அந்த மனிதரிடம் இருந்தது, காது என்னிடம் இருந்தது. இப்படித்தான் என் ஞாயிறு பின்னேரங்கள் பாழாய்ப் போயின.

அந்த ஜெர்மன்காரர், தனி வயலினும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கவென்று, மூன்று கொன்சேர்ட்டோ எழுதினார். உலகம் முதலாவதை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தெருவில் விட்டது. எழுதின கிழவருக்கு அதில் சாகும்வரை எரிச்சல் இருந்ததாம். அந்த எரிச்சலுக்காகவே எனக்கு அவரில் ஒரு பிரியம். எங்கள் பன்னிரண்டு தட்டில் எட்டு முதலாவதுதான். செத்த டொக்டரும் உலகத்தோடு சேர்ந்த ஆள்தான்.

நில அளவையாளர் சங்கீதம் கேட்கும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். கையில் ஒரு நிறுத்து கடிகாரம். மடியில் கோடு போட்ட கொப்பி. தட்டு சுழலத் தொடங்கியதும் பொத்தானை அமுக்குவார், முடிந்ததும் அமுக்குவார், எழுதுவார்.

"ரெண்டாம் பகுதி எட்டு நிமிசம் நாப்பது செக்கன், டீச்சர். முந்தினதைவிட இருபத்திரண்டு செக்கன் கூட."

"அதுக்கு நான் என்ன செய்யிறது? வேலி போடுறதோ?"

சிரிக்க மாட்டார். அதையும் எழுதிக்கொள்வார் போல இருக்கும்.

எனக்கு வேறு வழி. நாலு வயதிலிருந்தே எந்த ஒலி கேட்டாலும் அது எந்தச் சுரமென்று என்னால் சொல்ல முடியும். கேத்தல் விசிலடிப்பது, மாத்தளை பஸ்ஸின் ஹோர்ன், கோயில் மணி, எதைக் கேட்டாலும் பெயர் தானாக வரும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கு அழகு இல்லை, பொறுமை இல்லை, கலியாணமும் சரிவரவில்லை. காது இருந்தது. அந்தக் காதை வைத்துத்தான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன், அதை வைத்துத்தான் பலரை வெருட்டியும் வைத்திருந்தேன்.

முதல் கொன்சேர்ட்டோவில் வயலின் நுழையும் இடம் எனக்கு உயிர். முரசு மெல்ல உருளும், குழல்கள் இரண்டு வார்த்தை சொல்லும், பிறகு வயலின் தன் மிகத் தாழ்ந்த தந்தியில், விரலே வைக்காமல், வெறுந்தந்தியில் தொடங்கும். ஜீ என்ற சுரம். வயலினில் அதற்குக் கீழே இறங்க இடமே இல்லை. முதல் தட்டைப் போட்டார். வயலின் நுழைந்தது. எனக்கு உடம்பு கூசியது.

"நிப்பாட்டுங்கோ! உங்கட பெட்டி வேகமா ஓடுது. எல்லாம் அரைச் சுரம் ஏறி நிக்குது."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் சங்கிலி இழுத்து காணி அளந்த ஆள்."

இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு, எல்லாம் அப்படியே. ஐந்தாவது தட்டில் வாசித்தவனை நான் இறைச்சிக்கடைக்காரன் என்றேன். உண்மையில் அவன் வாசிப்பில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. ஏறிய சுருதியில் இருந்த ஆத்திரத்தை அவன் தலையில் கொட்டினேன். நில அளவையாளர் கொப்பியை மூடினார்.

"அஞ்சு கொம்பனி, அஞ்சு தட்டு. எல்லாம் பிழை, நீங்கள் மட்டும் சரியோ?"

"பெட்டி பிழை எண்டு சொல்லுறன். விசர்க்கதை கதையாமல் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ."

அடுத்த ஞாயிறு வத்தேகமயிலிருந்து ஒரு திருத்துநர் வந்தார். றேடியோ, டீவி எல்லாம் பார்ப்பவர். தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பெட்டியைத் திறந்தார், விரலால் எதையோ தடவினார், திரும்ப மூடினார்.

"இதுல ஒண்ணும் இல்லீங்க டீச்சர். பெல்ட்டு நல்லா இருக்கு. சரியாத்தான் ஓடுது."

"உங்களுக்குச் சங்கீதம் தெரியுமோ?" என்று கேட்டேன். கேட்ட தொனியை இப்போது நினைத்தால் எனக்கே முகம் சுளிக்கிறது.

"தெரியாதுங்க. எண்ணத் தெரியும்."

தட்டு வைக்கும் வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கடதாசித் துண்டை ஒட்டினார். "மூணு நிமிஷத்துக்கு நூறு சுத்து சுத்தணும். கூடுனா வேகம், கொறஞ்சா மெதுவு. நான் எண்ணுனா நம்ப மாட்டீங்க. நீங்களே எண்ணுங்க."

நில அளவையாளர் ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டார். "அரைச் சுரம் ஏறுது எண்டால் நூற்றாறு வரவேணும், டீச்சர்."

எண்ணினேன். கடதாசித் துண்டு என் பக்கம் வரும்போதெல்லாம் ஒன்று. நூற்றாறு வரும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வந்ததும் இந்த இரண்டு பேரையும் என்னென்ன சொல்வதென்றுகூட யோசித்துக்கொண்டே எண்ணினேன். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. "மூண்டு நிமிசம்" என்றார் நில அளவையாளர்.

அவருடைய கடிகாரத்தை நம்பாமல் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். மறுபடி எண்ணினேன். நூறு.

அவர் சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். நல்லாய் நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். மனிதர் சிரிக்கவில்லை. "தேத்தண்ணி குடிப்பமே, டீச்சர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கைப்பையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி நடந்தேன். அந்த இறக்கத்தில் பஸ்ஸுக்கும் நிற்கவில்லை.

நடக்க நடக்க ஒவ்வொன்றாக வந்தது. ஒரு வருடமாக என் வீட்டுப் பியானோவின் சுருதி ஏறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மழைக்குப் பலகை ஊதிவிட்டது என்றேன். சுருதி சேர்க்க வந்தவர் சரியாய் இருக்கிறது என்றதும் அவரை வாசலோடு அனுப்பினேன். ஒரு தாய், தன் மகளின் வயலினை நான் எப்போதும் சுருதி தாழ்த்திச் சேர்ப்பதாகத் தன் போனில் சுருதி பார்த்துக் காட்டிச் சொன்னாள். "அப்ப போனிட்டையே படிக்க விடுங்கோ" என்றேன். அந்தப் பிள்ளை பிறகு வரவில்லை. மிச்சப் பதினொரு பிள்ளைகளும் அரைச் சுரம் தாழ்ந்த வயலின்களில், என்னை நம்பி, வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்ர கடவுளே, ஒரு வருடம்!

கண்டியில் காது டொக்டர் ஒருவரிடம் போனேன். அவர் என் வயதைக் கேட்டார். இப்படிக் காது உள்ளவர்களுக்கு வயது போகப் போகச் சுரம் மேலே வழுகுவது உண்டு, மருந்து கிடையாது, கேட்கும் திறன் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நன்றாகத்தான் இருக்கிறதாம்! அடச்சீ என்று வந்தது. செவிடாகப் போயிருந்தால் ஆட்களாவது இரங்குவார்கள். எல்லாம் கேட்கிறது, ஒவ்வொன்றும் பிழையாகக் கேட்கிறது என்று எந்த மனிதரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அடுத்த ஞாயிறு நான் போகாமல் இருந்திருக்கலாம். அதிபருக்குப் பட்டியல் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னதைச் செய்யாமல் விட்டேன் என்ற பெயர் மட்டும் எனக்கு இதுவரை வந்ததில்லை. ஏறினேன். இரண்டாவது கொன்சேர்ட்டோவில் இருந்ததே இரண்டு தட்டு, மூன்றாவதிலும் இரண்டு. சுருதியை மறந்து விரலையும் வில்லையும் மட்டும் கவனித்து, அவற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு தெரிந்தெடுத்துவிட்டேன். மிஞ்சியது முதலாவது.

எட்டுத் தட்டுகளின் இரண்டாம் பகுதியையும் வரிசையாகப் போடச் சொன்னேன். மெதுவான பகுதி. பதினாறு வயதில் நான் முதன்முதல் அதை வாசித்தபோது, இதை வாசிக்கத்தான் பிறந்தேன் என்று நினைத்தேன். விசர்ப் பெட்டைதான், ஆனாலும் நினைத்தேன். அதற்கென்று ஒரு சுருதி உண்டு, அந்தச் சுருதியில் அதற்கென்று ஒரு நிறம் உண்டு. எட்டும் போனது. எட்டிலும் யாரோ அதை வேறொரு வீட்டுச் சட்டையைப் போட்டு அனுப்பியது போல இருந்தது. அப்போதுதான் விளங்கியது. எந்தத் தட்டைத் தெரிந்தெடுத்தாலும், யார் வாசித்தாலும், என் கையாலே நானே வாசித்தாலும், அந்தப் பகுதி எனக்கு இனி அதன் இடத்தில் கிடைக்கப்போவதில்லை.

"எது, டீச்சர்?" என்று கேட்டார். பேனை என் கையில் இருந்தது.

"எனக்குத் தெரியாது."

இந்த வசனத்தை நான் சங்கீதத்தைப் பற்றி யாரிடமும் சொன்னது அதுதான் முதல் தரம். சொன்னது இந்த மனிதரிடம்!

"நீங்கள் சொல்லுங்கோ. நான் எழுதுறன்."

அவர் கொப்பியைத் திறப்பார், செக்கன் கணக்குச் சொல்வார் என்று காத்திருந்தேன். கொப்பியைத் தொடவில்லை.

"அஞ்சாவது" என்றார். நான் இறைச்சிக்கடைக்காரன் என்று சொன்னவனின் தட்டு.

"ஏன் அது?"

"காரணம் தெரியாது, டீச்சர். எனக்கு அதில அழுகை வந்தது."

"திருப்பிப் போடுங்கோ" என்றேன். போட்டார். முழுவதும் கேட்டேன். பிறகு முதலாவது கொன்சேர்ட்டோவுக்கு எதிரே ஐந்தாவது தட்டு என்று என் கையெழுத்தில் எழுதினேன். அழுகை எனக்கும் வந்தது.