தண்ணீர் வளர்ப்பவர்

காதை மீன் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். உள்ளே மோட்டாரின் முனகல் சீராக இருக்கிறதா என்று கேட்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதால் பக்கத்தில் நிற்பவரும் மூச்சை விடத் தயங்க வேண்டியிருக்கிறது. கடைசியில் "ஓடுது" என்கிறார். காலையில் பல் துலக்குமுன் ஒருமுறை, வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை, திரும்பி வந்து செருப்பைக் கழற்றுமுன் ஒருமுறை.

எங்கள் தெருவின் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இருபத்தெட்டு வருடத் தொழில். என்ன கோளாறு என்று வீட்டுக்காரர் சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "நீங்க சொல்லாதீங்க, அது சொல்லட்டும்." இதில் பாதி வீண் பிடிவாதம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு ரப்பர் கிழிந்திருப்பதைச் சொல்ல விட்டிருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் ஒரு வேலையை அரைகுறையாக விட்டுப் போனதில்லை.

கடல் மீன் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சரியான பதில் இல்லை. "ஒரு டாக்டர் வீட்ல ஏசி பாக்கப் போனேன். தொட்டியை வெளிய தூக்கிப் போட்டிருந்தாங்க. பாவமா இருந்துச்சு." நான்கடி நீளத் தொட்டி, ஒரு மூலையில் ஒழுகியது. பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசி, அடியில் செய்தித்தாள் விரித்து, ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி வைத்தார். தாள் நனையவில்லை. விளக்கு, மூடப்பட்ட துணிக்கடையின் காட்சிப் பெட்டியிலிருந்து வந்தது. கடல் உயிர்களுக்குத் தண்ணீர் சூடேறக் கூடாது. கடையில் விற்கும் குளிரூட்டியோ அவர் கைக்கு எட்டாதது. ஆகவே பழைய வாட்டர் கூலரின் கம்ப்ரசரை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, தொட்டியின் வடிகட்டிப் பெட்டிக்குள் இறக்கினார். அந்தச் சுருளில் ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இம்மி பிசகவில்லை. இறக்குவதற்கு முன் மெல்லிய துணியால் துடைத்துப் பளபளப்பாக்கியும் இருந்தார்.

புதுத் தொட்டியில் உடனே உயிர் விட முடியாது. மீனின் கழிவைத் தின்று முறிக்கும் நுண்ணுயிர்கள் முதலில் கற்களில் குடியேற வேண்டும். நாற்பத்தேழு நாள் அங்கே உப்புத் தண்ணீரும் கல்லும் மட்டுமே இருந்தன. தினமும் சிறு கண்ணாடிக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்ப்பார். மனைவியின் தம்பி வாரம் தவறாமல் வந்து விசாரிப்பான். "என்ன மாமா, தண்ணி நல்லா வளருதா? எப்போ குட்டி போடும்?" தெருவில் அவருக்குத் தண்ணி வளர்க்கிறவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மனைவி சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குப் பயம். தையல் ஆலையில் நாற்பது பேரை மேய்க்கிறவர், பேச்சைக் கணக்காகத்தான் செலவழிப்பார். "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். உயிர்னு ஒண்ணு இதுல தங்கினா இருக்கட்டும். செத்துச் செத்து விழுந்தா, தொட்டி வாசலைத் தாண்டிடணும். சாவு பாக்கிறதுக்கா முன் ரூமு?" அவர் ஒத்துக்கொண்டார்.

நாற்பத்தெட்டாம் நாள் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களும் மூன்று நத்தைகளும், முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் ஒரு சிவப்பு இறாலும் வந்தன. நான்கு நாள் எல்லாம் நன்றாக இருந்தது. மச்சினன்கூட நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. காலை பத்து மணிக்கு நான் போனபோது இரண்டு நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து கிடந்தன. மூன்றாவது என் கண்முன்னே விழுந்தது. இறால் கல் இடுக்கில் சரிந்திருந்தது. கால்கள் மட்டும் எதையோ மிதிப்பதுபோல் துடித்தன. அவர் உப்பளவைப் பார்த்தார். சரி. வெப்பமானியைப் பார்த்தார். சரி. சொட்டு மருந்தின் நிறமும் சரி. காதை வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது. சரி என்று வர வர அவர் முகம் வெளிறியது. சந்தேகப்பட வேண்டியவற்றின் பட்டியலை முழுதாக முடித்துவிட்டார். பட்டியலில் இல்லாதது ஒன்று இருந்தது.

மீன் கடைக்காரரை ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு, நத்தையும் இறாலும் சாய்வதைச் சொன்னார்.

"மீனு எப்படிண்ணே இருக்கு?"

"மீனுக்கு ஒண்ணுமில்ல தம்பி. ஓடி ஓடித் தின்னுது."

"மீனு நல்லா இருக்கு, நத்தையும் இறாலும் மட்டும் சாயுதா? உள்ள காப்பர் ஏதும் வச்சிருக்கீங்களா?"

அவர் வடிகட்டிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "கூலிங் காயில் இருக்கு. புதுக் காப்பர். சுத்தமானது."

"ஐயோ அண்ணே! சுத்தமா இருந்தா என்ன? உப்புத் தண்ணி அதை அரிச்சுக்கிட்டே இருக்கும். மீன் தாங்கிடும். நத்தை, இறாலுக்கெல்லாம் அது விஷம்ணே. மொதல்ல அதை வெளிய எடுங்க, இறாலை வேற தண்ணிக்கு மாத்துங்க."

"கல்லு?"

"கல்லு குடிச்சிருக்கும். இனி அதை நம்ப முடியாது."

நாற்பத்தேழு நாள் அந்தக் கற்களில்தான் இருந்தது. அவர் ஃபோனை வைத்துவிட்டு, ஸ்விட்சை அணைத்து, இரண்டு கையாலும் சுருளை வெளியே தூக்கினார். தண்ணீருக்குள் இருந்த பகுதி முழுவதும் மங்கலான பச்சை படிந்திருந்தது. அவருடைய தொழிலில் செம்புதான் நம்பிக்கை. ஒழுகினால் பற்றவைக்கலாம், வளைத்தால் வளையும், ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நான் வச்சதுதான்" என்றார் அவர். "நத்தை போச்சு. சொன்னபடி தூக்கிடறேன்."

"பேச்சு அப்புறம். அதுக்கு இன்னும் கால் ஆடுதில்ல? வேற தண்ணி எங்க?"

வாரம் ஒருமுறை மாற்றுவதற்காகக் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் இருந்தது. சோப்புப் படாத வாளியில் அதைப் பாதி நிரப்பினார்கள். அவர் சட்டைக் கையை மடித்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தொட்டியின் மேல் குனிந்தார். விரல் நீரைத் தொட ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகைகளுக்குள் பச்சையும் செம்புத்தூளின் மினுக்கமும் இருந்தன. முகர்ந்து பார்த்தார். பைப்பில் அலம்பி வந்து மறுபடி முகர்ந்தார். செம்பு வாடை போகவில்லை.

"ஏங்க, நேரம் போகுது."

"நீ எடு" என்று கிண்ணத்தை நீட்டினார்.

"நானா? இதுவரைக்கும் நான் இதுல விரல்கூட வச்சதில்ல."

"அதனாலதான்."

அவர் சேலை முந்தானையை இடுப்பில் செருகி, முழங்கை வரை கையை இறக்கினார். கிண்ணத்தை இறாலுக்கு அடியில் மெல்ல நுழைத்து, அசைக்காமல் உயர்த்தி, வாளித் தண்ணீருக்குள் சாய்த்தார். இறால் பக்கவாட்டிலேயே கீழே இறங்கியது. அடியைத் தொட்டது.

"மீசை அசையுது" என்றார் மனைவி வெகுநேரம் கழித்து. "நிமிரப் பாக்குது. கிட்ட வந்து பாருங்க."

"நீ பாத்துச் சொல்லு."

அவர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.