முன்கூட்டியே போட்ட மொட்டை

சடகோபன் ஒரு காலத்தில் ‘எர்ரமண்ணு’ ராக் பேண்டில் டிரம்ஸ் வாசித்தவன் என்பதை, திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டி போகும் கம்பெனி பஸ்ஸில் நம்பிய ஒரே ஆள் சடகோபன்தான். சில நாள் அவனுக்கே சந்தேகம் வரும். பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர், முன்னால் தொப்பை, கையில் டிபன் கேரியர். இந்த லட்சணத்தில் டிரம்ஸ் என்றால் யார்தான் நம்புவார்கள்? பஸ்ஸில் தினமும் அந்த பேண்டின் பாட்டுதான் ஓடும். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், இவங்களோட நானும் வாசிச்சிருக்கேன் என்று சொல்லித் தொலைத்தான். காளஹஸ்தி தாண்டியும் சிரிப்பு அடங்கவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒன்பதாவது படிக்கும் மகள் பவ்யா அதே பெருமையைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். கூடப் படிக்கும் ஹரிப்ரியா, எங்கே, ஒரு போட்டோ காட்டு என்றாள். போட்டோவுக்கு எங்கே போவது? பேண்டு பேர் வாங்குவதற்கு முன்பே சடகோபன் வெளியே வந்துவிட்டவன். பவ்யா கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவனைக் குடைந்தது. ஊரே பொய்யன் என்றாலும் போகட்டும், பெற்ற பெண்ணும் அப்படி நினைத்துவிட்டால் என்ன செய்வது?

இந்த நேரத்தில்தான் பலமனேர் கிரண்குமார் வீடு மாற்றினான். அந்தக் காலத்தில் கேமராவும் கையுமாகப் பேண்டோடு திரிந்தவன். பழைய பெட்டியிலிருந்து கிடைத்த படங்களை எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். பொழுது விடிவதற்குள் ஆந்திரா முழுக்க அதே பேச்சு. பலமனேரில் தக்காளி கோடவுன், அதுதான் அப்போது ஒத்திகை நடந்த இடம். பாடகன் தேவேந்திரன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்க்கிறான். கிட்டார்க்காரன் வாயைப் பிளந்து தூங்குகிறான். எல்லோருக்கும் தோள் வரை முடி. எல்லாப் படத்திலும் பின்னால், டிரம்ஸ் தட்டுக்கு அந்தப்புறம், சந்தனம் பூசின ஒரு மொட்டை. முகம் பாதிதான் தெரிகிறது. அந்த மொட்டை யாரென்று கீழே பலர் கேட்டிருந்தார்கள். தக்காளி ஏலம் எடுக்க வந்தவர் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு ஏகப்பட்ட லைக்.

அந்த மொட்டைக்கு ஒரு கதை உண்டு. பெங்களூரில் பெரிய போட்டி. ஜெயித்தால் ஆல்பம். வேண்டிக்கொண்டு, காரியம் ஆன பிறகு முடி கொடுப்பதுதான் ஊர் வழக்கம். சடகோபனுக்கு ஏழுமலையானிடமே பாக்கி வைக்க மனம் வரவில்லை. போட்டிக்கு முன்பே அலிபிரியிலிருந்து நடந்து மலையேறி, முடியை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, சந்தன மண்டையோடு நேரே ஒத்திகைக்கு வந்து நின்றான். தேவேந்திரன் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

“டேய், மேடையில நாம பாட்டு பாடப் போறோமா, பிரசாதம் குடுக்கப் போறோமா?”

அன்றைய ஒத்திகை முடிந்ததும், இந்த ஒரு தபாவுக்கு மட்டும் என்று சொல்லி வேறு ஆளை வைத்தார்கள். ஜெயித்தார்கள். அந்த ஒரு தபா இன்றுவரை முடியவில்லை. சாமியைக் குறை சொல்லவும் வழியில்லை. எங்க பேண்டுக்குப் பேரு வரணும் என்றுதான் வேண்டியிருந்தான், வந்துவிட்டது. வாசிக்கிறவன் நானாக இருக்கணும் என்று சேர்த்துச் சொல்லத் தோன்றாதது யார் தப்பு?

படங்கள் வந்த அன்று பவ்யா போனும் கையுமாக வந்தாள். போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். நம்பவில்லை, அவ்வளவுதான் என்று சடகோபன் முடிவு கட்டினான். சந்தேகமெல்லாம் மண்டையில்தானே, மண்டையையே காட்டிவிட்டால் போச்சு.

மிச்சமிருந்த முடியோ சொற்பம். இடது காதுக்கு மேலே வளர்த்து, மை பூசி, வலது காது வரை படிய வாரியிருப்பான். அவன் மனைவி கன்னிகா அதற்கு ஃப்ளைஓவர் என்று பேர் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் அதையும் கொடுத்தான். என்ன வேண்டுதல் என்று சிரைத்தவர் கேட்டார். போட்டோவுக்கு என்றான்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு, கரண்டி இரண்டைக் கையில் பிடித்து, படத்தில் இருப்பதுபோலவே தலையைச் சாய்த்துக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்துப் பார் என்றான். பவ்யா போனை எடுக்கவேயில்லை.

“எதுக்கு நைனா மொட்ட போட்ட? நீதான்னு அன்னைக்கே ஹரிப்ரியாகிட்ட சொல்லிட்டனே.”

எப்படித் தெரிந்தது என்றான். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாளாம்.

“வண்டிய ரிவர்ஸ் எடுக்கசொல்லோ நாக்க கடிச்சிக்கினு இருப்பியே, அதே நாக்கு. அழுவ வந்துச்சி, அதான் உள்ள போயிட்டேன்.”

சடகோபன் கரண்டியைக் கீழே வைத்தான். இரண்டாவது முறையும் அவசரப்பட்டுவிட்டான். ஆனாலும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. தடவிக்கொள்ளத் தலையில் ஒன்றுமில்லை. கன்னிகா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, ஃப்ளைஓவரை இடிச்சாச்சா என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் எல்லோர் கையிலும் அதே படங்கள். பளபளவென்று ஏறின மொட்டையைப் பார்த்தும் யாருக்கும் பொறி தட்டவில்லை. திருப்பதி பஸ்ஸில் மொட்டைக்கா பஞ்சம்? நான்தான் அது என்று சடகோபனும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவளுக்குத் தெரிந்துவிட்டது. மலைக்குப் போய் வந்தவரே, லட்டு எங்கே என்று மட்டும் கேட்டார்கள். இருந்த அவசரத்தில் அவன் லட்டு வாங்கவே மறந்திருந்தான்.