கடல் பார்க்கப் போகவிருந்த நாள்

புத்தூரில் பத்மாவதியின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. வெங்காயம் பிடுங்கும் பெண்கள் வரம்பிலிருந்து ஊர்க்கதை முழுவதையும் கதைத்து முடிப்பார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் பிடி கட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் யாருடைய முகம் எப்போது கறுத்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவள் புருஷன் செல்வரட்ணம் தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் வெங்காய லொறியோடு கொழும்புக்குப் போனவன். அந்தக் கிழமையே சண்டை தொடங்கியது. லொறியும் வரவில்லை, அவனும் வரவில்லை. இரண்டு வருடமாகிவிட்டது. பத்மாவதி காலையில் முகம் கழுவியதும் குங்குமப் பொட்டு வைப்பாள். ஊரார் அந்தப் பொட்டைப் பார்ப்பதை அவளும் பார்ப்பாள்.

ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம் தமையன் அருளம்பலம் பெண்சாதி நல்லம்மாவோடு வந்தார்.

"பிள்ளையை ஒருக்காக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவம்."

மகள் ஞானத்துக்குப் பதின்மூன்று வயது. விவரம் தெரிந்த பிறகு கடலைக் கண்டதில்லை. திரும்பி வந்ததும் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் தகப்பன் லொறி ஏறினான்.

அருளம்பலம் செம்மண்ணில் தடியால் வழி கீறினார். "இது அச்சுவேலி. தொண்டைமானாத்திலை சந்நிதியானைக் கும்பிட்டிட்டு, வல்வெட்டித்துறையாலை கரையைப் பிடிச்சுப் பருத்தித்துறை. அங்கை குளிப்பு."

"மணல்காட்டுக்கும் போவம் மாமா. மணல் மலை மலையாக் கிடக்காம்."

"மாமான்ரை சைக்கிள் மணலிலை ஓடுமே? தார்றோட்டிலையே அழுதுகொண்டெல்லோ ஓடுது" என்றாள் நல்லம்மா.

"பின்னாலை நீ ஏறினால் அது அழாமல் பாடுமே?"

ஞானம் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

"கடலிலையிருந்து நேவிக்காரன் ஷெல் அடிச்சால், அண்ணை?" பத்மாவதி மெல்லக் கேட்டாள்.

"அமாவாசையண்டு போவம். சனமாயிருக்கும், பயமில்லை." சொல்லும்போது அவர் தங்கையைப் பார்க்கவில்லை. கீறிய வழியைக் காலால் அழித்தார்.

ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து கடலில் முழுகும் நாள். தகப்பன் உயிரோடிருக்கும் பிள்ளைக்கு அது இல்லை. சனத்துக்காகத்தான் அண்ணை அந்த நாளைப் பார்த்திருக்கிறார் என்று பத்மாவதி நினைத்துக்கொண்டாள்.

முதல்நாள் அருளம்பலம் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஞானத்தின் மாற்றுச் சட்டையை அதற்குள் வைக்கப்போன பத்மாவதியின் கையில் எள்ளுச் சுற்றிய கடதாசிச் சரை ஒன்று தட்டுப்பட்டது. அதற்குக் கீழே காத்தோட்டிக்காய். வருடத்தில் இந்த ஒரு விரதத்துக்குத்தான் அந்தக் கைப்புக் காய் சந்தைக்கு வரும். தகப்பன் செத்த வீட்டுக்காரர்தான் அதை வாங்குவார்கள்.

அவள் பையை இருந்தபடியே கட்டி வைத்தாள். அண்ணை கெட்டது நினைக்கவில்லை என்று தெரியும். செத்தவனுக்கு எள்ளும் தண்ணீரும் கிடைக்கட்டும் என்று நினைக்கிறார். ஆனால் பிள்ளை கடலில் முழுகி எழுந்தால் செல்வரட்ணம் செத்தவன்தான். அதற்குப் பிறகு எந்த லொறி வந்தாலும் அவன் அதில் வரமாட்டான்.

விடியற்காலையில் எழும்பி அடுப்பை மூட்டினாள்.

நல்லம்மாவோடு சைக்கிளில் வந்த அருளம்பலம் படலையடியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பத்மா மணக்குது?"

"கருவாடு, அண்ணை."

"இண்டைக்கோ?"

"அவருக்கு விருப்பமான கறி."

"உனக்கென்ன விசரே மச்சாள்?" நல்லம்மா வெடித்தாள். "எத்தினை நாளைக்குத்தான் உப்பிடி..."

"நீ சும்மா இரு." அருளம்பலம் பையை வாங்கிக் கொழுவிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். தன்பாட்டில் பேசிய நல்லம்மாவின் சத்தம் ஒழுங்கை முடியும்வரை கேட்டது.

ஞானம் இரட்டைப் பின்னலும் நல்ல சட்டையுமாய்ப் படலையைப் பிடித்தபடி நின்றாள். பத்மாவதி கோப்பையில் சோறு போட்டுக் குழம்பு விட்டு, உள்ளே கூப்பிட்டு இருத்தினாள்.

"சாப்பிடு பிள்ளை. கடலுக்கு வேறொரு நாளைக்குப் போவம்."

"வேண்டாம் அம்மா."

"கோவமே?"

"இல்லை. நான் விரதம்."

"மாமா சொன்னவரோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை." ஞானம் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். "போன வருசமும் பிடிச்சனான்."

போன ஆடி அமாவாசையில் வயிற்றுக்குத்து என்று சாப்பிடாமல் படுத்த பிள்ளைக்கு ஓமம் அவித்துக் கொடுத்தது பத்மாவதிக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அந்த முகத்தை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாராவது சாப்பிடவேண்டும். கோப்பையைத் தன் பக்கம் இழுத்து வைத்து, கருவாட்டில் முள் எடுக்கத் தொடங்கினாள்.