ஆடாத தலை

திண்டுக்கல்லில் என் கடையில் முடிவெட்டி முடித்துப் பிடரியில் பவுடர் தட்டும்போதெல்லாம் அந்த வாசனை என்னைச் சின்னாளபட்டிக்கு இழுத்துப்போகிறது. அங்கே, இப்போது செல்போன் கடையாகிவிட்ட பழைய சலூனில், நாற்காலிக் கைகளின் குறுக்கே போட்ட பலகையில் சிறுவனாக உட்கார்ந்திருப்பேன். வெளியே தறிச் சத்தம், காதோரம் கத்தரிச் சத்தம், நடுவே முடிவெட்டும் மாமா தன் உடம்பை என் தோளில் சாய்த்து, “ஏலே அப்பு, ஆடாதலே” என்பார். ஆடாமல்தான் இருப்பேன், ஆனாலும் சொல்வார், இன்னும் கொஞ்சம் அழுத்துவார்.

இன்று, காலையிலிருந்து நின்றதில் கெண்டைக்கால் கடுக்க, ஒரு பையனின் காதை மடித்துப் பிடித்து ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். எப்போது அவன் தோளில் சாய்ந்தேனோ தெரியவில்லை. “ஆடாத தம்பி” என்றேன்.

“நான் ஆடலண்ணே,” என்றான் கண்ணாடியைப் பார்த்தபடி. “நீங்கதான் ஆடுறீங்க.”