எடுக்காமல் விட்ட ஈ.சி.ஜி.

என் தங்கச்சி வாயில்லாப் பூச்சி. எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கடவுள் வாயை எனக்கே வெச்சுட்டாரு. எங்க பிளாக்ல தண்ணி வரலைன்னா ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போடறது நான்தான். நான் போறேன்னு தெரிஞ்சாலே அங்க இருக்கறவங்க, "அம்மா, நீங்க வூட்டுக்குப் போங்க, ஆளு வந்துகினு இருக்கு"ம்பாங்க. அதுல எனக்கு ஒரு பெருமை வேற.

கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து சுரங்க வேலைக்கு வந்தவர் என் வீட்டுக்காரர். அவர் பின்னாடி நெய்வேலிக்கு வந்தவ நான். கொஞ்ச வருஷத்துல அதே சுரங்கத்துல பர்மனென்ட் ஆன ஒருத்தரைப் பார்த்து, தங்கச்சியையும் இங்கேயே கட்டிக் கொடுத்தேன். நாலு ரோடு தள்ளி அவ குவார்ட்டர்ஸ். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் ஒரே மகளுக்குத் தலை பின்னி விட்டது, ஸ்கூலுக்குக் கொண்டு விட்டது எல்லாம் அவதான். என் மகள் என்கிட்ட பேசினதைவிட அவகிட்ட பேசினதுதான் ஜாஸ்தி.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம். என் சமையல்கட்டுல நின்னுகிட்டு, "அக்கா, இடது மார்புல ஒரு கட்டி மாதிரி இருக்கு"ன்னா. வயசு ஐம்பத்தி நாலு, மாதவிலக்கு நின்னு மூணு வருஷம் ஆயிருந்துச்சு. கையை வெச்சுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவுக்குத் தட்டுப்பட்டுச்சு.

அப்ப நான் சொன்ன முதல் வார்த்தை "பயப்படாதே" இல்லை. "வெளிய மூச்சு விட்டுடாதே"ன்னேன்.

காரணம் இருந்துச்சுன்னு அப்ப நினைச்சேன். பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி வந்த சம்பந்தம். மாப்பிள்ளை வீடும் இதே டவுன்ஷிப்தான். மாப்பிள்ளையோட பெரியம்மா டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில மருந்து கவுன்ட்டர்ல இருக்காங்க. சித்திக்கு மார்புல புத்துநோய்னு தெரிஞ்சா, இது பரம்பரையா வருமோன்னு பேச மாட்டாங்களா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுவும் இந்த ஊர்ல! ஓ.பி.யில போய் உட்கார்ந்தா பக்கத்துல நாலு பிளாக் பொம்பளைங்க உட்கார்ந்திருப்பாங்க.

அதனால டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில ரெஃபரல் சீட்டு எதுவும் கேட்காம, சொந்தச் செலவுல சென்னைக்குக் கூட்டிட்டுப் போனோம். கட்டியை எடுத்தாங்க, அக்குள்ல இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தாங்க. அப்புறம் ஒரு மாசத்துக்கு மேல கரண்ட் வெச்சாங்க, அதான் ரேடியேஷன். ஆரம்பத்துலயே பார்த்துட்டதால முடி கொட்டற ஊசி தேவையில்லைன்னு சொன்னப்ப எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவ கஷ்டப்பட வேண்டாமேன்னு இல்லை. தலையைப் பார்த்து ஊர் கண்டுபிடிக்காதேன்னு. இதை இப்ப எழுதறப்பவே எனக்கு என் மேல அருவருப்பா இருக்கு. பிளாக்ல கேட்டவங்ககிட்ட எல்லாம், "கர்ப்பப்பை ஆபரேஷன்"னு சொன்னேன். மகளையும் மாப்பிள்ளை வீட்டுல வாயைத் திறக்கக் கூடாதுன்னு மிரட்டி வெச்சேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாச்சு.

கடைசியில தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. அஞ்சு வருஷம் சாப்பிடணும். அந்த டாக்டரம்மா அவசரப்படாம உட்கார வெச்சுச் சொன்னாங்க. "இந்த மாத்திரை உடம்புல மிச்சம் இருக்கற பெண் ஹார்மோனை வத்த வெச்சிடும். கட்டி திரும்ப வராம இருக்க இது வேணும். ஆனா அந்த ஹார்மோன் போனா எலும்பு தேயலாம், ரத்தத்துல கொழுப்பு ஏறலாம், சிலருக்கு இதயத்துக்கும் ஆபத்து கொஞ்சம் கூடலாம். உங்களுக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கு, இடது பக்கம் கரண்ட் வேற வெச்சிருக்கோம். அதனால உங்க ஊர் டாக்டர்கிட்ட இந்த ஃபைலைக் காட்டுங்க. இதயத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. மூச்சு வாங்கினா, நெஞ்சு இறுக்கினா உடனே போகணும். நீங்களா மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

நான் நல்லாத் தலையாட்டினேன். மனசுல நின்னது 'கட்டி திரும்ப வராது' மட்டும்தான். ஊருக்கு வந்ததும் ஃபைலை என் பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில வெச்சுப் பூட்டிட்டேன். மாத்திரையை டவுன்ஷிப்புக்கு வெளிய மந்தாரக்குப்பத்துல ஒரு மெடிக்கல்ல வாங்கினோம். அங்க நம்ம முகம் யாருக்கும் தெரியாது.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. தங்கச்சி அரக்குப் புடவையைக் கட்டிக்கிட்டுப் பந்தியில ஓடி ஓடிப் பரிமாறினா. கல்யாணம் முடிஞ்சதும் எல்லாத்தையும் சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். முடிஞ்சதும், மறுவீடு, தலைதீபாவளி எல்லாம் ஆகட்டும்னு தள்ளிப்போட்டேன். அதுக்குள்ள மகள் முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. சரி, பிள்ளை பிறக்கட்டும்னேன். என் சாக்குக்கு முடிவே இல்லை.

அந்தச் சமயத்துலதான் தங்கச்சிக்கு மாடி ஏறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சது. பாதிப் படியில நின்னு கம்பியைப் பிடிச்சுக்குவா. "கரி தூசுடி, இந்த ஊர்ல யாருக்குத்தான் மூச்சு வாங்கலை"ன்னேன். தோள்பட்டை இழுக்குதுன்னா. கரண்ட் வெச்ச இடம் அப்படித்தான் இருக்கும்னேன். எல்லாத்துக்கும் என்கிட்ட ஒரு பதில் இருந்துச்சு. என்னமோ நானே டாக்டருக்குப் படிச்ச மாதிரி!

ஒருநாள் பிரஷர் மாத்திரை வாங்க டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவ போனா நானும் போவேன், எங்கேயாவது உளறிடுவாளோன்னு. டாக்டர் வயசுல சின்னவர், பொறுமைசாலி. அவ மூச்சு விடறதைப் பார்த்துட்டு அவராத்தான் கேட்டாரு. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா? பெரிய ஆபரேஷன் ஏதாவது?"

தங்கச்சி என்னைப் பார்த்தா.

"கர்ப்பப்பை எடுத்திருக்கு சார். வேற ஒண்ணும் இல்லை"ன்னேன்.

அவர் நம்பி எழுதிக்கிட்டாரு. நம்பாம என்ன செய்வாரு? காலையில வெறும் வயித்துல வந்து கொழுப்புக்கு ரத்தம் கொடுங்க, ஈ.சி.ஜி. இப்பவே எடுத்துட்டு வாங்கன்னு சீட்டு கொடுத்தாரு.

ஈ.சி.ஜி. அறையில இருந்த நர்ஸ் எங்க பிளாக்குக்காரி. "ஜாக்கெட்டைக் கழட்டிட்டுப் படுங்க ஆன்ட்டி"ன்னா. அப்பதான் எனக்கு உறைச்சது. கட்டி எடுத்த தழும்பு, கரண்ட்ல கறுத்த தோலு, எல்லாம் வெளிய வந்துடும். தங்கச்சி ஜாக்கெட்டோட முதல் கொக்கியைக் கழட்டிட்டா. நான் பாய்ஞ்சு போய் அவ கையைப் பிடிச்சேன். "இவளுக்குத் தலை சுத்துதாம், இன்னொரு நாள் வரோம்"னு தரதரன்னு வெளிய இழுத்துட்டு வந்தேன்.

வேப்பமரத்துக்குக் கீழ வந்ததும், "எடுத்திருக்கலாம்ல அக்கா"ன்னா.

"உனக்குக் கூறு இருக்காடி? வயித்துப்பிள்ளையோட இருக்கறவளை அந்த வீட்டுல நாலு பேர் நாலு வார்த்தை கேட்கணுமா? அடுத்த மாசம் செக்கப்புக்குச் சென்னைக்குப் போறோம்ல, அங்க எடுத்துக்கலாம்"னு கத்தினேன். போறவங்க திரும்பிப் பார்த்தாங்க. அவ ஜாக்கெட் கொக்கியைச் சரி பண்ணிக்கிட்டு என் பின்னாடி நடந்து வந்தா.

பதினோரு நாள்தான் இருந்தா.

காலையில பத்து மணி இருக்கும். என் வீட்டுல உட்கார்ந்து மகளுக்கு அனுப்பப் புளிக்காய்ச்சலுக்கு மிளகாய் கிள்ளிக்கிட்டு இருந்தா. "தாடை வலிக்குதுக்கா"ன்னா. நிமிர்ந்து பார்த்தா முகமெல்லாம் வேர்வை. ஆட்டோவுல போட்டு கேஷுவாலிட்டிக்குக் கொண்டு போனோம். நர்ஸ் கத்திரிக்கோலால ஜாக்கெட்டை வெட்டினா. தழும்பைப் பார்த்ததும் கை ஒரு நிமிஷம் நின்னுச்சு. அதே டாக்டர்தான். "இது என்னம்மா?"ன்னு கேட்டாரு. எல்லாத்தையும் கொட்டினேன். கட்டி, கரண்ட், மாத்திரை பேரு, எத்தனை நாளா சாப்பிடறா, எல்லாம். அந்த வார்டே கேட்கற மாதிரி சொன்னேன். அவர் என்னைத் திட்டலை. திட்டியிருக்கலாம். மத்தியானத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அவ வீட்டுக்காரர் முதல் ஷிப்ட்ல இருந்து அந்த உடுப்போடயே ஓடி வந்தாரு.

"அந்த மாத்திரையாலயா சார்?"னு டாக்டரைக் கேட்டேன். மாத்திரை மேலயாவது பழியைப் போடலாமேன்னு.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. அது அவங்களுக்குத் தேவையான மாத்திரைதான். பிரஷர், கொழுப்பு, கரண்ட், மாத்திரை, இதுல எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. தெரிஞ்சிருந்தா முன்னாடியே கவனிச்சிருப்போம்"னாரு.

வயித்துப்பிள்ளைக்காரி சாவு வீட்டுக்கு வரக்கூடாதுன்னு மகளை நான் வர விடலை. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் வந்தா. அழுது அழுது கண்ணு இடுங்கிப் போயிருந்துச்சு. உள்ளே வந்து உட்காராம, "அம்மா, ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது"ன்னா.

"சொல்லு."

"நிச்சயம் பண்ணின மாசமே சித்திக்கு இப்படின்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அவர் அவங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டாரு. நோய்னு ஒண்ணு யாருக்குத்தான் வரலைன்னு கேட்டாங்களாம் அத்தை. அதோட சரி. யாரும் எதுவும் பேசலை."

"அப்பவே ஏன்டி எங்கிட்ட சொல்லலை?"

"உன் பேச்சை மீறிட்டேன்னு தெரிஞ்சா நீ என்ன ஆட்டம் ஆடுவேன்னு பயம்மா. சித்திகிட்ட மட்டும் சொன்னேன். அக்கா தாம்தூம்னு குதிப்பா, இப்ப சொல்லாத, நான் சமாளிச்சுக்கறேன்னு சித்திதான் சொன்னாங்க."

அப்ப, மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சுதான் தங்கச்சி என் பின்னாடி நடந்து வந்திருக்கா. என் வாய்க்குப் பயந்து.

சொல்லி முடிச்சுட்டு மகள் கதவுப் பக்கமாவே நின்னா. ஒரு கையால வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, நான் கத்தறதுக்காகக் காத்துக்கிட்டு நின்னா.