அமீர் நிஷா செய்த பூமி

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அமீர் நிஷாவின் கைக்கு வராத உருண்டை கிடையாது. உண்டியல், பொம்மைத் தலை, ஊறுகாய் ஜாடி, பிள்ளையார் தொந்தி என்று பதினெட்டு வருஷமாக இதே வேலை. பிளாஸ்டர் அச்சுக்குள் மண் கூழை ஊற்றுவாள். அச்சு ஈரத்தை உறிஞ்சி, ஓரத்தில் ஊத்தப்பம் கனத்துக்கு மண் ஒட்டியதும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவாள். உள்ளே காலி. கட்டியாக விட்டால் சூளையில் வெடித்து, பக்கத்துச் சரக்கையும் கெடுத்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் இதைச் சொல்லிக்கொடுக்கிற வேகத்தைக் கேட்டால், உலகத்தில் உருப்படியான பொருள் எல்லாமே உள்ளே காலிதான் என்று நமக்கே தோன்றிவிடும்.

அப்படிப்பட்டவளிடம்தான் சிவசங்கரி டீச்சர் பூமியைச் செய்யக் கொடுத்தார். பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர். வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி. அவருடைய பிள்ளைகளுக்கு முதல்முறையாகத் தனி மேசை ஒன்று கிடைத்திருந்தது. ஒரு முழ அகலத்தில் உருண்டை, கடலுக்கு நீலம், நிலத்துக்குப் பச்சை, உள்ளே தெரிகிற மாதிரி பாதியாக வெட்டித் தர வேண்டும் என்று போனில் சொல்லி, வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பியிருந்தார். படத்தில் பூமியின் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் டீச்சர் வந்தார். இரண்டு பாதியும் பலகை மேல் பளபளவென்று கவிழ்ந்திருந்தன. கடல் நீலம் கண்ணைப் பறித்தது. டீச்சர் ஆசையாக ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

“உள்ள ஒண்ணுமே இல்லியே அக்கா.”

“ஒண்ணும் இல்லாமதான டீச்சர் இருக்கும்? உள்ள தெரியணும்னு நீங்கதான சொன்னீங்க. நல்லா தெரியுது பாருங்க.”

டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகுதான் கண்காட்சி நாளைக்கே என்பது உறைத்தது. பூமிக்குள் மேலோடு, கவசம், கருவம் என்று அடுக்கடுக்காக இருப்பதையும், அதைக் காட்டத்தான் உருண்டையே என்பதையும் சொன்னார். புதிதாக வார்த்துக் காயவைத்துச் சுட்டெடுக்க ஒரு வாரமாவது ஆகும். நாளைக்கு மாதிரி இல்லையென்றால் மேசை வேறு வகுப்புக்குப் போய்விடும்.

அமீர் நிஷாவுக்கு முகம் செத்துப்போயிற்று. தன் அவசர புத்தியால் சின்னப் பிள்ளைகள் மேசை இல்லாமல் நிற்பதை நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

“அடுக்கு படத்த காட்டுங்க டீச்சர்,” என்றாள்.

அச்சு செய்கிற பிளாஸ்டர் மூட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்குச் சூளை வேண்டாம், அரை மணியில் தானே இறுகிவிடும். முதலாளி கியாசுதீன் பாய், “இது தொழிலா, வெளையாட்டா?” என்று முணுமுணுத்துக்கொண்டே சாயப்பொடியைத் தானே எடுத்துக் கொடுத்தார். அவள் சிவப்புப் பிளாஸ்டரைக் கரைத்து ஒரு பாதிக்குள் ஊற்றினாள். சோப்புத் தண்ணீர் தடவிய கிண்ணத்தை அதில் அழுத்தி, இறுகியதும் உருவினாள். அந்தக் குழியில் ஆரஞ்சு நிறம், அதற்குள் சின்னக் கிண்ணம், கடைசியில் மஞ்சள்.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, மேலோட்டில் அதிகம் இருப்பது ஆக்சிஜன், அடுத்தது சிலிக்கான், அப்புறம் அலுமினியம், இரும்பு என்றார்.

“பாதி பேரு எங்க மண்ணு மூட்டைலயே எழுதியிருக்குதே.”

“அந்த மண்ணும் மேலோட்டுலேந்து வந்ததுதான அக்கா. இந்த அளவு பூமிக்கு, நாம மூச்சு வுடுற காத்து எவ்ளோ கனம் இருக்கும் தெரியுமா? மேல பூசியிருக்கீங்களே கிளேஸு, அவ்ளோதான்.”

அமீர் நிஷா அந்தப் பளபளப்பை நகத்தால் தடவிப் பார்த்தாள். “இவ்ளோதானா?” என்று கேட்டவளுக்கு அந்த உருண்டையைப் பார்க்கத் திடீரென்று பாவமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் ஒரு பாதிதான் முடிந்தது. இன்னொரு பாதி காலியாகவே நின்றுவிட்டது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அவளே இரண்டு பாதியையும் ஆட்டோவில் கொண்டுபோனாள். இறக்கி வைத்ததும் கிளம்பியிருக்கலாம்; மேசைக்குப் பின்னாலேயே நின்றாள். மதிப்பெண் போட வந்தவர் திட்டக்குடியைச் சேர்ந்த காத்தவராயன் சார். கயல்விழி என்ற பிள்ளை அடுக்குகளைத் தொட்டுத் தொட்டு மடமடவென்று ஒப்பித்தாள்.

“பூமிக்குள்ள யாரும் போயி பாத்ததில்ல. அப்புறம் அடுக்கு இருக்குதுன்னு எப்பிடி சொல்ற?” என்றார் சார்.

“நில அதிர்வு அலைங்க சார்.”

“அப்பிடின்னா?”

புத்தகத்தில் அதற்கு மேல் ஒரு வரி இருந்தது, அது கயல்விழிக்கு வரவில்லை. சாரின் பேனா தாளை நோக்கி இறங்கியது. அமீர் நிஷாவால் பொறுக்க முடியவில்லை. முன்னால் வந்து இரண்டு பாதியையும் கவிழ்த்து வைத்தாள்.

“சார், கொஞ்சம் கண்ண மூடிக்கிங்க.”

சூளையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு சரக்கையும் அவள் இப்படித்தான் சோதிப்பாள். விரல் முட்டியால் ஒன்றைத் தட்டினாள், கணீரென்றது. மற்றதைத் தட்டினாள், சத்தம் அமுங்கிவிட்டது.

“எது காலிங்க?”

“மொதல்ல தட்டுனது.”

“உள்ள போயி பாத்தீங்களா?”

சார் கண்ணைத் திறந்தார். அதற்குள் கயல்விழி பிடித்துக்கொண்டாள். “அதேதான் சார். பூகம்பம் வந்தா பூமிய தட்டுன மாதிரி. அந்த அதிர்வு உள்ள போயி, ஒவ்வொரு அடுக்குலயும் வேற வேற மாதிரி போவுது. அத வெளிய கருவி வச்சி கேக்குறாங்க.”

சார் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாக எழுதினார்.

“மாவட்டத்துக்கு இததான் அனுப்பறோம். ஆனா கடலூரு வரைக்கும் பஸ்ஸுல ஒடையாம எப்பிடி டீச்சர் கொண்டு போவீங்க?”

சிவசங்கரி டீச்சர் வாயைத் திறப்பதற்குள், “நான் மடில வச்சிக்கினு வரேங்க,” என்றாள் அமீர் நிஷா. அவளை யாரும் கூப்பிட்டிருக்கவே இல்லை.